ஆறு கம்பிக்கு ஆறு மீட்டர்

கசிவுக்காரர் காரணமில்லாமல் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. காரணம் கிடைக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பார். கிடைக்காவிட்டால், கிடைக்காததையே காரணமாக எடுத்துக்கொள்வார். இந்த நேர்மையைப் பாராட்டித்தான் குடிநீர் வாரியம் அவரை இருபத்துமூன்று வருஷமாக ஒரே வேலையில் வைத்திருந்தது.

பூமிக்கடியில் ஓடும் குழாய்களில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. விடியற்காலையில், தெருவில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால், ஆளுயர இரும்புத் தண்டு ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவார். தண்டின் ஒரு முனையை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையிலுள்ள மரக்கிண்ணத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல குழாய் பேசாது. கசிகிற குழாய் சன்னமாகப் புலம்பும். அந்தப் புலம்பல் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். உலகத்தைப் பற்றித் தான் வைத்திருந்த அபிப்பிராயத்தைப் பூமியே வழிமொழிந்துவிட்ட நிம்மதி அது.

கேட்டதை எழுதிவைக்க வாரியம் ஒரு குறிப்பேடு கொடுத்திருந்தது. அதில் நான்கு பத்திகள்: தேதி, இடம், சத்தம், சந்தேகம். ஒரு மனிதனின் வாழ்க்கையை இந்த நான்குக்குள் அடக்கிவிடலாம் என்பது புரிந்ததும், அதே மாதிரி இன்னொன்றைச் சொந்தச் செலவில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ‘செவ்வாய். மாடிப்படி. பக்கத்து வீட்டில் சிரிப்பு. நான் ஏறும்போது நின்றது.’ ‘வெள்ளி. அலுவலகம். மேலதிகாரி எப்படி இருக்கிறீர்கள் என்றார். இதற்குமுன் கேட்டதில்லை.’ அக்கம்பக்கத்தார், உறவினர், பால்காரர், பல் டாக்டர் என்று அந்தக் குறிப்பேட்டில் இடம்பெறாத ஆள் இல்லை. மனைவியைப் பற்றி மட்டும் ஒரு வரி கூடக் கிடையாது. மனைவி அதைப் படிக்கிறாரோ என்று ஒரு சந்தேகம் இருந்தது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். வருகிறவர்களின் ஒரு கண்ணை மூடி, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, இது தெளிவா’ என்று நாளெல்லாம் கேட்பவர். என்ன பதில் வந்தாலும் அவர் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. வீட்டிலும் அதே குரல்தான். அந்தக் குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது கசிவுக்காரரின் இல்வாழ்க்கையில் இருந்த ஒரே பெரிய குறை.

அவர் பெயர் பரவியது தனி மீட்டர் விவகாரத்தில். அவர் குடியிருந்த கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் மீட்டர். கேட்டால் பன்னிரண்டு குடும்பமும் துறவிகளைப் போல ஒரு செம்பில் குளித்து முடிப்பதாகச் சொல்லும். மாடித் தொட்டி மட்டும் காலை எட்டு மணிக்கெல்லாம் காலியாகிவிடும். கசிவுக்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் வைக்கச் செய்து, ஒவ்வொன்றையும் செப்புக் கம்பியால் கட்டி ஈயச் சீல் வைத்தார். மூன்றே வாரத்தில் உண்மை தெரிந்தது. ‘தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பீர்’ என்று படிக்கட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்த சங்கத் தலைவர், தன் காரைத் தினமும் இரண்டு வேளை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணா ஓடுற வரைக்கும் எல்லாரும் யோக்கியன்தான்” என்று கசிவுக்காரர் அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்க விரும்புகிறவர்கள் கட்டடத்தில் யாருமில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டார். சின்ன வயதில் வாங்கியது. வாசிப்பதற்கு மோசமில்லை. மனைவியின் தம்பி, அதாவது மச்சினன், ஒரு சின்ன இசைக்குழு வைத்திருந்தான். அவன் கீபோர்டு. பாடுகிறவர் அவனுடைய மெத்தைக் கடையிலேயே மெத்தை உறை தைக்கிற அக்கா. தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகியவர் என்பதால் மைக் அவருக்கு ஒரு மரியாதைக்குத்தான். டிரம் அடிக்கிறவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். பயிற்சி வண்டியில் தன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் பழக்கத்தில், எந்தப் பாட்டானாலும் வளைவு மாதிரி ஒரு இடம் வந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார். நான்காவது ஆள் கசிவுக்காரர்.

சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை மெத்தைக் கடையின் பின்னாலிருந்த குடோனில் ஒத்திகை. நான்கு சுவரிலும் கூரை வரை மெத்தை அடுக்கியிருக்கும். உள்ளே வெடி வைத்தாலும் வெளியே தெரியாது. வாரத்தில் ஆறு நாள் மண்ணின் புலம்பலைக் கேட்கிற காது அந்த மூன்று மணி நேரம் வேறு எதையோ கேட்டது. பதினாறு வருஷத்தில் ஒரு சனிக்கிழமை கூட அவர் குடோனுக்குள் குறிப்பேட்டை எடுத்ததில்லை. எடுக்கத் தோன்றவில்லை. தோன்றாதது அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் விசாரித்திருப்பார்.

கெடுதல் வந்தது தனி மீட்டரால். அதற்குப் பிறகு கட்டடத்தில் யாருக்கும் அவருடைய கிட்டாரைப் பொறுத்துக்கொள்ள மனம் வரவில்லை. சாதகம் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் பதினொரு வீட்டுக்காரர்களும் கதவைத் தட்டினார்கள். வேறு வழியில்லாமல் கிட்டாரைக் குடோனிலேயே வைத்துவிட்டு வரவேண்டியதாயிற்று.

ஒரு சனிக்கிழமை அவர் குடோனுக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். போன வாரம் வலது பக்கச் சுவரோரம் சாய்த்து வைத்த கிட்டார், இடது பக்கச் சுவரோரம் சாய்ந்திருந்தது.

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள். அன்று முதல்முறையாகக் குடோனுக்குள் குறிப்பேடு வெளியே வந்தது. அடுத்த வாரம் கிட்டாருக்குப் புதுக் கம்பிகள் மாட்டி, சுத்தமாகச் சுருதி சேர்த்து, கம்பிகளை முறுக்கும் ஆறு சாவிகளிலும் நுண்ணிய துளை போட்டு, செப்புக் கம்பி கோத்து, தனித்தனியாக ஈயச் சீல் வைத்தார். வாரியத்தின் சீல் குறடைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் தன்னையே சந்தேகப்பட வேண்டிவரும். அதனால் புதிதாக ஒன்று வாங்கி, அதன் வாயில் சின்னதாக ஒரு காதைச் செதுக்க வைத்திருந்தார். ஆறு சீலிலும் ஆறு காது.

அதன்பின் சனிக்கிழமை வந்ததும் முதல் வேலை, மனைவியின் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியால் ஆறு காதுகளையும் சோதிப்பது. பிறகு நேராக வாசிக்க உட்கார்ந்துவிடுவார். சீல் அப்படியே இருந்தால் சுருதியும் அப்படியேதான் இருக்கும். மீட்டர் விஷயத்தில் வாரியத்தின் கொள்கையும் அதுதான்.

இரண்டு மாதம் கழித்து மச்சினன் மெதுவாக ஆரம்பித்தான். பாட்டில் ஏதோ ஒரு இடத்தில் இடிக்கிறது, கிட்டாரை ஒருதரம் சுருதி பார்த்துவிடலாமா என்றான். சீலைக் கழற்றாமல் எப்படிப் பார்ப்பது என்று கசிவுக்காரர் கேட்டார். அப்படியானால் கழற்றிவிடலாமே என்றான். கசிவுக்காரர் அவனை உற்றுப் பார்த்தார். இருபத்துமூன்று வருஷ சர்வீஸில் தண்ணீர் திருடியவன் ஒவ்வொருத்தனும் முதலில் சொன்ன வார்த்தை அதுதான்: சீலைக் கழற்றிப் பாருங்கள் சார்.

இடிப்பது அவர் காதிலும் விழாமல் இல்லை. ஆனால் காது சொன்னதைச் சீல் ரத்து செய்தது. கிட்டார் இல்லையென்றால் வேறெது? குறிப்பேட்டில் இப்படி எழுதினார்: ‘சனி. குடோன். இடிக்கிற சத்தம். கீபோர்டின் பின்பக்கம் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டு. மச்சினனுக்கு அது தெரியும். தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?’

அந்தச் சமயத்தில்தான் ஊரிலுள்ள பெரிய ஹோட்டல் ஒன்றின் இருபத்தைந்தாம் வருஷ விழாவுக்கு வாசிக்கக் குழுவை அழைத்தார்கள். இதுவரை குழு வாசித்ததெல்லாம் கடைத் திறப்புக்கும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும்தான். மச்சினன் தன் அக்கா வீட்டுக்கு வந்து, ஒரு தம்ளர் டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அத்தான், இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள கிட்டாரைச் சரி பண்ணிடுங்க. இல்லேன்னா அன்னிக்கு மட்டும் வேற ஆளை வச்சுக்கிறேன்.”

“அன்னிக்கு மட்டுமா, மாப்பிள்ளை?”

மச்சினன் பதில் சொல்லவில்லை. கசிவுக்காரர் அந்த மௌனத்தைத் தண்டு வைத்துக் கேட்டதுபோலக் கேட்டார். பதினாறு வருஷத்துச் சனிக்கிழமைகளும் ஒரே ஓட்டை வழியாகப் போகிற சத்தம் அதில் இருந்தது.

கிட்டார் நிரபராதி என்று நிரூபிப்பதைத் தவிர வழியில்லை. சிக்கல் எங்கே என்று அவருக்கு உடனே புரிந்தது. சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். மேலே கம்பி அதிர்ந்தால் அதை மின்சாரமாக்கி அனுப்பும். ஆறு கம்பிக்கும் பொதுவாக ஒரே பிக்கப், ஒரே வயர், ஒரே ஸ்பீக்கர். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மீட்டர் வைத்த அதே அக்கிரமம். எந்தக் கம்பி தப்பு செய்தாலும் மற்ற ஐந்தின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

ஆகவே ஆறு கம்பிக்கும் ஆறு தனிப் பிக்கப் வைப்பதென்று முடிவு செய்தார்.

மோட்டார் காயில் சுற்றுகிற வைண்டிங் கடைக்காரரிடம் போனார். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, ஒவ்வொரு பிக்கப்புக்கும் நான்காயிரம் சுற்று. மெஷினில் சுற்றுகளை எண்ணும் முள் இருந்தது. அந்த முள் எண்ணுவதைச் சரிபார்ப்பது யார் என்று கசிவுக்காரர் கேட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைக்காரர் கையால் சுற்றச் சுற்றத் தானே எண்ணினார். ஒரு நாளைக்கு ஒரு பிக்கப். நான்காம் நாள், இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கடைக்காரர் பொறுமை இழந்தார்.

“சார், ஒவ்வொரு கம்பியாத் தட்டிப் பார்த்தாலே எது தப்புன்னு தெரிஞ்சுடுமே. இதுக்கு எதுக்கு ஆறு காயில்?”

“தனியாக் கூப்பிட்டு விசாரிச்சா எவனும் ஒழுங்காத்தான் பேசுவான்” என்றார் கசிவுக்காரர். “கூட்டத்துல இருக்கும்போதே பிடிக்கணும். இப்ப எண்ணிக்கை விட்டுப்போச்சு. முதல்லேருந்து சுத்துங்க.”

கிட்டார் வீட்டுக்கு வந்தது. சீல் வைத்த சாவிகளைத் தவிர மற்றதெல்லாம் கூடத்தில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. ஆறு பிக்கப்பும் பொருத்திச் சோதித்ததில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. ஒரு கம்பியை மீட்டினால் பக்கத்துக் கம்பியின் பிக்கப்பிலும் சன்னமாகச் சத்தம் வந்தது. தன் கையால் செய்த பொருளிலேயே கசிவு. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பிக்கப்புகளுக்கு நடுவே செப்புத் தகட்டில் குட்டிச் சுவர்கள் எழுப்பினார். ஒருவன் பேச்சு அடுத்தவன் காதில் விழாதபடி பூசி மெழுகிய பிறகே தூங்கினார்.

அடுத்து ஒவ்வொரு கம்பிக்கும் தனி எஃபெக்ட் பெட்டி. சத்தத்தை உருமாற்றுகிற இந்தப் பெட்டிகளை மற்ற கிட்டார்காரர்கள் அழகுக்கு வைத்துக்கொள்கிறார்கள். கசிவுக்காரர் அங்க அடையாளத்துக்கு வைத்தார். ஆறு பேரும் ஒரே குரலில் பேசினால் சாட்சி குழம்பிவிடும். ஆறாவது தடித்த கம்பிக்குத் தொண்டை கட்டிய கரகரப்பு. ஐந்தாவதற்கு எதிரொலி. நான்காவதற்கு நடுக்கம். இரண்டாவதற்குக் குழந்தை சிணுங்குவது போல ஒரு இழுப்பு. முதல் கம்பிக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசும் குரல். மூன்றாவது கம்பிக்கு மட்டும் எதுவும் வைக்கவில்லை. ஆறில் அவருக்கு நம்பிக்கையான கம்பி அதுதான். நடுவில் இருந்துகொண்டு, அதிகம் உரக்கப் பேசாமல், சொன்ன வேலையைச் செய்யும். அதைச் சந்தேகப்பட அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் கிடைக்காததைக் காரணமாக எடுத்துக்கொள்ள மறந்த ஒரே சந்தர்ப்பம் இது.

கூடத்தில் ஆறு வயர், ஐந்து பெட்டி, ஆறு ஸ்பீக்கர். நடுவே காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். ஜன்னல் வழியாகப் பார்த்த சங்கத் தலைவருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பன்னிரண்டு வீட்டுக் குழாய்களையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒட்டுக்கேட்க இந்த ஆள் யந்திரம் செய்கிறான். அன்று மாலையே விஷயம் கட்டடம் முழுக்கப் பரவியது. அடுத்த ஒரு வாரம் தொட்டியில் தண்ணீர் சாயங்காலம் வரை ததும்பி நின்றது.

மனைவி வயர்களைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய் வந்தார். ஒருநாள் மட்டும் நின்று, “இதெல்லாம் பண்றதுக்குப் பதிலா அந்தச் சீலைக் கழட்டிடலாமே” என்றார்.

கசிவுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தம்பி சொன்ன அதே வார்த்தை. கை சட்டைப்பைக்குப் போனது. குறிப்பேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விசாரணை நடந்தது. குடோனில் மெத்தை அடுக்குகளின் மேல் ஆறு ஸ்பீக்கர்களை வட்டமாக ஏற்றினார். கிட்டாரிலிருந்து கிளம்பிய ஆறு வயர்களும் ஒரு பலகையில் வரிசையாக இருந்த ஆறு சுவிட்சுகளுக்கு வந்து சேர்ந்தன. சுவிட்ச் என்று சொல்லாமல் வால்வு என்றே சொன்னார். மச்சினன் கீபோர்டின் முன் உட்கார்ந்தான். உறை தைக்கிற அக்கா ஒரு மெத்தையின் நுனியில் உட்கார்ந்தார். டிரம்காரரிடம் வால்வுகள் ஒப்படைக்கப்பட்டன. கசிவுக்காரரின் மனைவியும் வந்திருந்தார். அவரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அழைக்காமல் ஏன் வந்தார் என்று கசிவுக்காரர் யோசிக்க ஆரம்பித்து, நேரமில்லாததால் விட்டுவிட்டார்.

நடைமுறையை விளக்கினார். தெருவில் கசிவு எந்தக் கிளையில் என்று தெரியாவிட்டால் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரவேண்டும். எதை மூடும்போது புலம்பல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. இங்கேயும் அப்படியே. கீபோர்டும் கிட்டாரும் ஒரே ஸ்வரக்கூட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். டிரம்காரர் அவர் சொல்கிற வால்வை மூடித் திறக்க வேண்டும். ஆறையும் மூடித் திறந்த பிறகும் இடித்தால் பழி கீபோர்டின் மேல். அதைச் சொல்லும்போது அவர் மச்சினனைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியால் ஆறு சீல்களையும் பார்த்து, எல்லார் முன்னிலையிலும் அவை அப்படியே இருப்பதாக அறிவித்தார்.

வாசித்தார்கள். ஆறு பக்கமிருந்தும் ஆறு குரல்கள் வந்தன. ஒன்று கரகரத்தது, ஒன்று நடுங்கியது, ஒன்று கிணற்றிலிருந்து கூப்பிட்டது. நடுவில் அந்த இடிப்பு, நெல்லிக்காய் கடித்த பல்லைப் போலக் கூசியது.

“ஆறாவதை மூடுங்க.”

கரகரப்பு நின்றது. இடிப்பு நிற்கவில்லை. ஐந்தாவது. எதிரொலி போயிற்று, இடிப்பு இருந்தது. நான்காவது. அதே. இரண்டாவது, முதலாவது. டிரம்காரர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் காலால் ஒரு பிரேக் போட்டுக்கொண்டார். இடிப்பு அப்படியே இருந்தது.

கசிவுக்காரர் கையை எடுத்தார். “அவ்வளவுதான். கிட்டார்ல ஒண்ணுமில்ல.”

“மூணாவதை இன்னும் மூடலையே” என்றார் மனைவி. இது தெளிவா, இது தெளிவா என்று கேட்கிற அதே குரல்.

“அது தேவையில்ல. அதுக்குப் பெட்டியே வைக்கல.”

“மறுபடி வாசிங்க” என்றார் மனைவி. எழுந்து வந்து, டிரம்காரரின் கையை நகர்த்திவிட்டு, மூன்றாவது வால்வைத் தானே மூடினார்.

கரகரப்பும் நடுக்கமும் எதிரொலியும் கிணறும் சிணுங்கலும் கீபோர்டோடு சேர்ந்து ஒன்றாக உட்கார்ந்தன. குடோன் தெளிந்தது. மனைவி வால்வைத் திறந்தார். இடித்தது. மூடினார். நின்றது.

வேறு யாராவது இருந்தால் வாதாடியிருப்பார்கள். கசிவுக்காரரால் முடியவில்லை. வால்வை மூடினதும் புலம்பல் நிற்கிற அந்தக் கணத்தைக் கேட்டுக் கேட்டே அவர் தலை நரைத்தது. அந்தச் சத்தம் பொய் சொல்லாது என்று எத்தனையோ பேர் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறார்.

பூதக்கண்ணாடியை எடுத்து மூன்றாவது சாவியை வெகுநேரம் பார்த்தார். ஈயத்தில் அந்தச் சின்னக் காது முழுசாக இருந்தது.

“சீல் அப்படியே இருக்கு” என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

“இருக்கட்டும் அத்தான்” என்றான் மச்சினன். “கம்பி தானா இளகும். யாரும் தொட வேண்டியதில்ல. புதுக் கம்பின்னா சீக்கிரமே இளகும்.”

யாரும் தொடாமல் ஒன்று கெட்டுப்போகும். குற்றம் இருக்கும், குற்றவாளி இருக்கமாட்டான். கசிவுக்காரரின் குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இல்லை. கடைசியாக ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப வலது பக்கம் வச்ச கிட்டார் இடது பக்கம் எப்படிப் போச்சு?”

மச்சினன் மேலே கையைக் காட்டினான். வலது பக்கச் சுவருக்கு மேலே கூரையில் மெத்தை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை படர்ந்திருந்தது. “மழை பேஞ்சா ஒழுகுது அத்தான். உங்க கிட்டார் நனையுமேன்னு நான்தான் தள்ளி வச்சேன்.”

கசிவுக்காரர் அண்ணாந்து பார்த்தார். இருபத்துமூன்று வருஷம் பூமிக்குள்ளேயே பார்த்த மனிதர். தலைக்கு மேலே ஒழுகுவது வாரியத்தின் எல்லைக்குள் வராது.

உறை தைக்கிற அக்கா சிரிப்பை அடக்க மெத்தை உறையில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தார். டிரம்காரர் இல்லாத பிரேக்கை அழுத்தினார். மச்சினன் சிரிக்கவில்லை. அவன் ஏன் சிரிக்கவில்லை என்பது கசிவுக்காரரை வெகுவாக உறுத்தியது.

மனைவி பக்கம் திரும்பினார். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“மூணு மாசமாத் தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா தம்பிக்காகப் பேசறேன்னு எழுதி வச்சிருப்பீங்க.”

“உன்னைப் பத்தி நான் ஒரு வரி கூட எழுதினதில்லையே.”

“தெரியும்” என்றார் மனைவி. “படிச்சேன்.”

கசிவுக்காரர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய சந்தேகம் ஊர்ஜிதமானதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சீல் குறடைப் பார்த்தார். பிறகு அதன் வெட்டும் வாயால் மூன்றாவது சாவியின் செப்புக் கம்பியைக் கத்தரித்தார். காது போட்ட ஈயத் துண்டு கீழே விழுந்து மெத்தைக்கடியில் உருண்டது. இரண்டாவது, முதலாவது, நான்காவது, ஐந்தாவது. ஆறாவதுக்கு வந்ததும் கை நின்றது.

“இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும், மாப்பிள்ளை” என்றார். ஒரேயடியாக எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டால் மனுஷனுக்குக் குளிர்கிறது அல்லவா?

மச்சினன் ஆறாவது கம்பியைப் பார்த்தான். தடித்த கம்பி. இளகும், ஆனால் மெதுவாக இளகும். பிறகு தன் அக்காவைப் பார்த்தான். அக்காவின் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இருக்கட்டும் அத்தான்” என்றான். “ஹோட்டலுக்கு என்ன சட்டை போடறதுன்னு அக்காகிட்ட கேட்டுக்குங்க. எல்லாரும் ஒரே கலர்.”

ஹோட்டலில் வாசித்தார்கள். ஐந்து எஃபெக்ட் பெட்டிகளையும் கழற்ற மனமில்லாமல் கசிவுக்காரர் அப்படியே கொண்டுபோயிருந்தார். ஒரே ஆள் வாசிக்க, ஆறு மூலையிலிருந்து ஆறு குரல் வந்ததைப் பார்த்து விருந்தினர்கள் திகைத்துப்போனார்கள். மீதி ஐந்து பேர் எங்கே என்று ஒருவர் திரைக்குப் பின்னால் போய்த் தேடினார். அந்த மனிதரைக் கசிவுக்காரருக்கு உடனே பிடித்துவிட்டது.

இப்போதும் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை நடக்கிறது. குடோனின் கூரை அடைபட்டுவிட்டது. கிட்டார் வலது பக்கச் சுவரோரமே சாய்ந்திருக்கிறது. கசிவுக்காரர் ஐந்து கம்பிகளையும் கீபோர்டைக் கேட்டுக் கேட்டு ஒழுங்காகச் சுருதி சேர்க்கிறார். ஆறாவதைத் தொடுவதில்லை. சீல் வைத்த கம்பி அன்றைக்கு வைத்த இடத்திலிருந்து அணுவளவும் அசையவில்லை, எந்தக் கீபோர்டோடும் கச்சிதமாகச் சேர்கிறது என்று டிரம்காரரிடம் வாரந்தவறாமல் எடுத்துக்காட்டுகிறார். டிரம்காரர் தலையை ஆட்டுகிறார். அந்தக் கம்பி இளகிக்கொண்டேதான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக. அதனால் குழு மொத்தமும் ஒரு மயிரிழை தாழ்ந்த சுருதியில் பாடுகிறது. உறை தைக்கிற அக்காவுக்கு அது வசதியாகவே இருக்கிறதாம்.

சட்டைப்பைக் குறிப்பேட்டில் சனிக்கிழமைக்கு மறுபடி வரிகள் வர ஆரம்பித்திருக்கின்றன. எல்லா வாரமும் ஒரே வரிதான்:

‘சனி. குடோன். ஒத்திகைக்கு முன் என்னிடம் ஆறாவது கம்பியை ஒருதரம் தட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, மச்சினன் கீபோர்டின் பின்னால் கையை விட்டு எதையோ திருகுகிறான்.’

நான்காவது பத்தியில், சந்தேகம் என்ற தலைப்பின் கீழ், ஒவ்வொரு வாரமும் எழுதியிருப்பது: ‘ஆதாரம் போதவில்லை.’